பாலுண்ணி என்று சுடுவதற்கு முன்

வடக்கு, கிழக்கின் சுகாதாரம் பற்றிய செய்திகளில் பாலுண்ணிக்கு இடமில்லை. புதிய கட்டடத் திறப்பு விழா, வைத்தியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு, மருந்துத் தட்டுப்பாடு, டெங்கு என்பவைதான் தலைப்பாகின்றன. பாலுண்ணியால் யாரும் சாவதில்லை. அந்தக் காரணத்துக்காகவே இந்தக் கட்டுரையில் அதை எடுத்துக்கொள்கிறேன். உயிருக்குப் போராடும் நோயாளியை ஒரு சுகாதாரக் கட்டமைப்பு எப்படி நடத்துகிறது என்பதை விபத்துப் பிரிவில் பார்க்கலாம். உயிர் போகாத, ஆனால் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவேண்டிய நோயாளியை அது எப்படி நடத்துகிறது என்பதைத் தோல் கிளினிக்குக்கு வெளியே போட்டிருக்கும் வாங்கில் உட்கார்ந்துதான் அறியலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு வேறு விடயங்களுக்காகப் போனபோது, வருடக்கணக்காக மாறாத பாலுண்ணியோடு இருப்பவர்களைச் சந்தித்தேன். அவர்களில் மூவரைப் பற்றி இங்கே சொல்கிறேன். ஒருவர் மேசன் வேலை செய்பவர். மற்றவர் வீட்டிலிருந்து தையல் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாய். மூன்றாமவர் இறுதிப் போரில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். மூவரும் வைத்தியம் செய்யாமல் விட்டவர்கள் அல்லர். மூவருக்கும் மாறவில்லை. மாறாததற்கான காரணம் மூவருக்கும் வேறு வேறு. அந்த மூன்று காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் போருக்குப் பின்னரான எங்கள் சுகாதார சேவையின் குறைகள் ஓரளவு தெளிவாகத் தெரியும்.

முதலில் நோயைப் பற்றிச் சில அடிப்படை விடயங்கள். பாலுண்ணி, மரு, உண்ணி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தோலின் மேற்படையில் தொற்றும் மனித பப்பிலோமா வைரசுதான் இதற்குக் காரணம். இந்த வைரசில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இலங்கையில் 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு ஏற்றப்படும் எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகளை முக்கியமாகக் குறிவைத்தது. கை, காலில் வரும் பாலுண்ணியை உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு வகைகள். ஆகவே தடுப்பூசி ஏற்றிய பிள்ளைக்கு விரலில் பாலுண்ணி வந்தால் தடுப்பூசி பிழை என்று அர்த்தமில்லை.

இந்த வைரசு இரத்தத்துக்குள் போவதில்லை. தோலின் மேற்படையிலேயே ஒளிந்து வாழ்வதால் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அதை நீண்ட காலம் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்ட பிறகு பாலுண்ணி தானாக உதிர்ந்துவிடும். பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு வருடங்களுக்குள் எந்த வைத்தியமும் இல்லாமலே மாறிவிடுகிறது. கோயிலில் உப்பும் மிளகும் போட்டால் மாறும், தலைமயிரால் கட்டினால் விழும் என்ற நம்பிக்கைகள் தலைமுறை தாண்டி நிலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேர்த்தி வைத்த காலமும் உடல் விழித்துக்கொண்ட காலமும் பலருக்கு ஒன்றாக அமைந்துவிடுகின்றன. உப்பு, மிளகால் தீங்கில்லை. எருக்கலம்பாலும் சுண்ணாம்பும் பற்றரி அமிலமும் அப்படியல்ல. எருக்கலம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கிளினிக் திகதியும் நாட்கூலியும்

மேசனின் வலது உள்ளங்காலிலும் கைவிரல்களிலும் பாலுண்ணிகள் இருந்தன. உள்ளங்காலில் இருப்பதை அவர் கால் ஆணி என்றுதான் நினைத்திருந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பாலுண்ணியின் மேல் தடிப்பைச் சீவினால் சிறு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள். கால் ஆணியில் அவை இருக்காது. நேராக அழுத்தினால் கால் ஆணிதான் கூடுதலாக நோகும். பாலுண்ணியை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிக்கும்.

அவருக்கு வைத்தியசாலையில் சரியான வைத்தியமே ஆரம்பிக்கப்பட்டது. திரவ நைதரசன் வைத்து உறையச் செய்தார்கள். சலிசிலிக் அமில மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று கிழமையில் திரும்ப வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை. அன்று கொங்கிறீட் போடும் நாள். போகாவிட்டால் அடுத்த வேலைக்கு மேசன் பாஸ் கூப்பிடமாட்டார். அடுத்த முறை போனபோது திரவ நைதரசன் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த முறை வைத்தியர் விடுமுறை. "காலமை அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சு, மத்தியானம் வெறுங்கையோட திரும்பி வாறதெண்டால் யார் போவினம்?" என்று என்னிடம் கேட்டார்.

இந்த நோய்க்கான வைத்தியம் ஒரு தடவையில் முடிவதல்ல. சலிசிலிக் அமிலத்தை நாள்தோறும் பூச வேண்டும். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, மேல் தடிப்பை உரசி எடுத்து, பிறகு பூச வேண்டும். இப்படிப் பன்னிரண்டு கிழமைகள் வரை தொடர வேண்டும். திரவ நைதரசன் என்றால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை, நான்கு முதல் ஆறு தடவைகள். இவ்வளவு செய்தாலும் மாறும் என்பதற்கு உறுதியில்லை. 2011இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வில், உள்ளங்கால் பாலுண்ணி உள்ள 240 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சலிசிலிக் அமிலமும் மற்றதற்குத் திரவ நைதரசனும் கொடுத்தார்கள். பன்னிரண்டு கிழமை முடிவில் இரு குழுவிலும் முற்றாக மாறியவர்கள் 14 வீதம்தான். பாமசியில் வாங்கி வீட்டில் பூசும் மருந்தும், பஸ் ஏறிப் போய் வைக்கும் நைதரசனும் ஒரே அளவு பலனையே தந்தன.

நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இந்த ஆய்வு முடிவு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே பூசும் மருந்தை எப்படிப் பூசுவது, எத்தனை கிழமை பூசுவது, எப்போது திரும்பி வருவது என்று தமிழில் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் அவருக்கு இரண்டு நாட்கூலியாவது மிஞ்சியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இந்த அமிலத்தைக் காலில் பூசக்கூடாது, முகத்தில் யாருமே பூசக்கூடாது என்ற எச்சரிக்கையும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும்.

உண்மையிலேயே அடங்காத பாலுண்ணி

தையல் செய்யும் தாயின் கதை வேறு. அவர் ஒரு கிளினிக் நாளையும் தவறவிடவில்லை. அமிலம் பூசினார், நைதரசன் வைத்தார், தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் காசு கொடுத்து மின்சாரத்தால் சுட்டும் பார்த்தார். சுட்ட இடத்தைச் சுற்றி நகத்தடியில் வளையம்போல் திரும்ப வந்தது. நைதரசன் வைத்த இடத்தில் தோல் வெளிறி வெள்ளைத் திட்டாக நின்றுவிட்டது. எங்களைப் போன்ற கருந்தோலில் இது அடிக்கடி நடப்பது. ஆனால் அவருடைய ஊரில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தவர்கள் தொழுநோய் என்று பேசத் தொடங்கினார்கள். சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். கணவர் இல்லாமல் குடும்பத்தைத் தாங்கும் ஒருவருக்கு அது வருமானப் பிரச்சினை.

இப்படி வழமையான வைத்தியங்களைத் தாண்டி வருடக்கணக்கில் நிற்கும் பாலுண்ணிகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை இருப்பதே தெரியாது. அவற்றின் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. பாலுண்ணியை வெளியிலிருந்து அழிப்பதற்குப் பதிலாக, அது அங்கே இருக்கிறது என்பதை உடலுக்குக் காட்டிக்கொடுப்பது.

ஒன்று, பாலுண்ணிக்குள் ஊசி மூலம் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் பொருளை ஏற்றுவது. பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றைத் தடுக்க ஏற்றும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை இதற்குப் பயன்படுத்தி இந்தியாவிலும் எகிப்திலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இருப்பதில் பெரிய பாலுண்ணி ஒன்றில், சில கிழமை இடைவெளியில் சில தடவைகள் ஏற்றுகிறார்கள். அந்த ஊசிக்கு உடல் விழிக்கும்போது பக்கத்திலிருக்கும் வைரசையும் அடையாளம் கண்டுகொள்கிறது. ஊசி போடாத இடத்துப் பாலுண்ணிகளும் சிலருக்கு விழுந்துவிடுகின்றன. விற்றமின் டி ஊசியையும் இதேபோல் பாலுண்ணிக்குள் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று இன்னும் மலிவானது. உணர்விழக்கும் ஊசி போட்டுவிட்டு, ஒரு பாலுண்ணியைச் சாதாரண ஊசியால் அடி வரை பல தடவை குத்துவது. மேற்படையில் ஒளிந்திருக்கும் வைரசு அதன்மூலம் கீழ்ப்படைக்குத் தள்ளப்பட்டு நிர்ப்பீடனத்தின் கண்ணில் படுகிறது. இதற்கு விலைகூடிய இயந்திரமோ இறக்குமதி மருந்தோ தேவையில்லை. பயிற்சி பெற்ற கையும் கிருமி நீக்கிய ஊசியும் நேரமும் போதும். இவற்றுக்கும் அடங்காதவற்றுக்கு பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை மிகச் சிறிய அளவில் பாலுண்ணிக்குள் ஏற்றும் முறையும் உண்டு. நகத்தடியிலும் விரல் நுனியிலும் அதை மிகக் கவனமாகவே பயன்படுத்துவார்கள்.

இவை மந்திரமல்ல. இவை பற்றிய ஆய்வுகள் பல சிறியவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. எம்.எம்.ஆர். தடுப்பூசி பாலுண்ணிக்கென்று உருவாக்கப்பட்டதும் அல்ல. அது உயிருள்ள, ஆனால் வலுக்குறைக்கப்பட்ட வைரசுகளைக் கொண்டது என்பதால் கர்ப்பிணிகளுக்கும் நிர்ப்பீடனம் குறைந்தவர்களுக்கும் ஏற்றக்கூடாது. யாருக்கு எது பொருந்தும் என்று தோல் வைத்திய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த நிபுணர் முன் இந்தத் தாய் ஒருநாளாவது போய் உட்கார்ந்தாரா என்பதுதான் கேள்வி. மூன்று வருடங்களில் அவர் பார்த்த வைத்தியர்களில் யாரும் அவரை நிபுணரிடம் அனுப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிய வைத்தியர், புதிய துண்டு, பழைய மருந்து.

திடீரென்று உடலெங்கும் பாலுண்ணி பெருகினாலோ எந்த வைத்தியத்துக்கும் அடங்காவிட்டாலோ உடலின் நிர்ப்பீடனம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து அதற்கான மருந்து எடுப்பவர்களுக்கு இது சாதாரணமாக வருவது. அவர்களில் சிலருக்குத் தோற்புற்றுநோய் பாலுண்ணிபோலவே தொடங்கும் என்பதால் அவர்கள் இதை அலட்சியப்படுத்தக்கூடாது.

பாலுண்ணி போலத் தெரிவதெல்லாம் பாலுண்ணியல்ல

மூன்றாமவரிடம்தான் இந்தக் கட்டுரை எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்தது. 2009க்குப் பிறகு கிடைத்த செயற்கைக்காலை, இடையில் ஒருமுறை திருத்தியதைத் தவிர, அப்படியே போட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய காலின் நுனியில் தோல் கறுத்துத் தடித்து, சொரசொரப்பாக, பூக்கோவாவைப் போல வளர்ந்திருந்தது. ஈரம் கசிந்தது, மணத்தது. பாலுண்ணி என்று சொல்லி அமிலம் பூசியிருக்கிறார்கள். ஒருமுறை சுட்டும் இருக்கிறார்கள். பூசப்பூச வளர்ந்தது.

அது பாலுண்ணியே அல்ல. செயற்கைக்காலின் குழிக்குள் கால் நுனி முழுதாகப் படியாமல் இடைவெளி இருக்கும்போது, மேற்பகுதி இறுக்கப்பட்டு, நுனியில் இரத்தமும் நிணநீரும் தேங்குகின்றன. அந்தத் தேக்கமும் உராய்வும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் தோல் இப்படிப் பாலுண்ணி வடிவில் தடிக்கும். கால் இழந்தவர்களில் இது அறியப்பட்ட ஒரு நிலை. இதற்கு அமிலமும் நைதரசனும் மருந்தல்ல. நுனி முழுதும் படியும்படி குழியைத் திருத்துவதும், அழுத்தக் கட்டுப் போடுவதும், தொற்று இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பதும்தான் வைத்தியம். நேரத்தோடு செய்தால் பெரும்பாலும் பழைய தோல் திரும்பும். கவனிக்காமல் விட்டால் அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம். இவருக்கு இதைச் சொன்னவர் ஒரு வைத்தியரல்ல, செயற்கைக்கால் செய்யும் தொழில்நுட்பவியலாளர். அவர் புண்ணைப் பார்க்கவில்லை, காலுறையைப் பார்த்தார். நுனியில் இடைவெளி இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

செயற்கைக்கால் ஒருமுறை கொடுத்து முடிக்கும் உதவிப்பொருள் அல்ல. வெட்டிய கால் காலப்போக்கில் மெலியும், உடல் எடை மாறும், குழி பொருந்தாமல் போகும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதிதாக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் போன்றவை 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பணியைச் செய்துவருகின்றன. ஆனால் போர் முடிந்தவுடன் வந்த கொடையாளர்களில் பலர் கால் கொடுத்ததைக் கணக்கெழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பத்து, பதினைந்து வருடங்களுக்குப் பிறகு அந்தக் காலுக்குள் இருக்கும் தோலைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. தோல் கிளினிக் செயற்கைக்காலைப் பார்ப்பதில்லை. செயற்கைக்கால் நிலையத்தில் தோல் வைத்தியர் இருப்பதில்லை.

போர்க்காயம் பட்ட உடலில் இன்னும் சில விடயங்களையும் கவனிக்க வேண்டும். எரிகாயத்தின் பழைய தழும்பில், பல தசாப்தங்கள் கழித்து, ஒரு வகைத் தோற்புற்றுநோய் உருவாகலாம். அதன் ஆரம்பம் சொரசொரப்பான ஒரு சிறு வளர்ச்சியாகவோ ஆறாத புண்ணாகவோ இருக்கும். 1980களிலும் 1990களிலும் குண்டுவீச்சில் எரிந்தவர்கள் இப்போது அந்தக் காலக்கட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். உடலில் தங்கிவிட்ட செல் துண்டைச் சுற்றி வரும் கட்டியையும் பாலுண்ணி என்று நினைக்க இடமுண்டு. முள் குத்திய இடத்தில் விவசாயிகளுக்கு வரும் ஒரு வகைப் பூஞ்சைத் தொற்றும், தோலில் வரும் காசநோயும்கூடப் பாலுண்ணியின் தோற்றத்தில் வரலாம். மணல் ஈயால் பரவும் லீஷ்மானியாசிஸ் 1992இல் உள்நாட்டிலேயே தொற்றியதாக முதன்முதலில் அறியப்பட்டு, 2008 முதல் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருக்கிறது. அதுவும் வலியில்லாத ஒரு சிறு பருவாகவே ஆரம்பிக்கிறது.

ஆகவே தழும்பின் மேல் வந்தது, வேகமாக வளர்வது, இரத்தம் கசிவது, சில மாத வைத்தியத்துக்கும் அசையாதது எதுவானாலும் சுடுவதற்கு முன் ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சுட்டுவிட்டால் பரிசோதிக்கத் துண்டும் இல்லாமல் போய்விடும்.

கேட்க வேண்டியவை

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபின் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் நாடெங்கும் நடந்தன. அதை வடக்கு, கிழக்குக்கு மட்டும் நடந்ததாகச் சொல்வது நேர்மையல்ல. ஆனால் ஏற்கனவே மெலிந்திருந்த இடத்தில் அது கூடுதலாக நொந்தது. வட மாகாணத்தில் இருப்பது ஒரே ஒரு போதனா வைத்தியசாலை. யாழ்ப்பாணத்திலுள்ள அது மத்திய அரசின் கீழ் இருக்கிறது. வன்னியின் வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் பொறுப்பு. அந்த மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்காக மாகாணம் ஆளுநரின் கீழ் நிர்வகிக்கப்பட்டு வந்தது. முல்லைத்தீவில் ஒருவர் நைதரசன் இல்லையென்று திரும்பினால், யாரைக் கேட்பது என்று கேட்க அவருக்கு மாகாண மட்டத்தில் தான் தெரிவுசெய்த ஒரு பிரதிநிதி இல்லை.

கேட்க வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. திரவ நைதரசன் பயன்படுத்தாவிட்டாலும் கொள்கலத்திலிருந்து ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு சிறு வைத்தியசாலையிலும் அதை வைத்திருப்பது வீண். மாதத்தில் குறித்த ஒரு நாளில், நிபுணரும் நைதரசனும் பயொப்சி செய்யும் வசதியும் சேர்ந்து ஒரு மாவட்ட வைத்தியசாலைக்கு வந்தால் போதும். அந்த நாள் மாறாமல் இருக்க வேண்டும். வரமுடியாவிட்டால் நோயாளி பஸ் ஏறுவதற்கு முன் குறுஞ்செய்தியில் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம் வைத்தியம் செய்தும் மாறாத எவரையும் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதிவைக்கலாம். செயற்கைக்கால் நிலையங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவையாவது தோல் வைத்தியர் ஒருவர் போய்வரலாம்.

உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் கடந்த வருடம் எத்தனை நாட்கள் தோல் கிளினிக் நடந்தது, எத்தனை நாட்கள் நைதரசன் இல்லாமல் இருந்தது, எத்தனை பேர் நிபுணரிடம் அனுப்பப்பட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் சந்தித்த மூவரின் சார்பில் அல்ல, என் சொந்தப் பெயரில் அந்த விண்ணப்பங்களை இரு மாவட்டங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். மற்ற மாவட்டங்களில் இருப்பவர்களும் அனுப்பினால், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கட்டடங்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது கொஞ்சம் கடினமாகும்.